லெஃப்ட் ஜாயின் போட்டும் ஆள் வரவில்லை, தொகை மட்டும் ஏறிவிடுகிறது: என்ன நடக்கிறது?

முதலில் நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கடை ஒன்றின் பில்லிங் டேட்டாபேஸ், அதில் கஸ்டமர், ஆர்டர், ஐட்டம், பேமெண்ட் என்று நான்கு டேபிள். ஆர்டரே போடாத கஸ்டமரும் ரிப்போர்ட்டில் வரவேண்டும் என்று எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) டேபிள்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டீர்கள், ஆனாலும் அவர்கள் வரவில்லை. ஐட்டத்தையும் பேமெண்டையும் சேர்த்ததும் மொத்தத் தொகை தாறுமாறாக ஏறுகிறது, சம் (கூட்டல்) போடும் இடத்தில் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் எடுப்பது) சேர்த்தால் சரியாகிவிடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா என்கிறீர்கள். கூடவே, ஒவ்வொரு கஸ்டமரின் கடைசி ஆர்டரை மட்டும் எடுப்பது எப்படி என்றும் ஒரு கேள்வி.

டிஸ்டிங்க்டை அப்படியே விடாதீர்கள், இன்றைக்குச் சரியாக வந்தது அதிர்ஷ்டம். மூன்று கேள்விக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான்: ஜாயின் போட்ட பிறகு ரிசல்ட்டில் ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது? ஒரு கஸ்டமரையா, ஒரு ஆர்டரையா, ஒரு ஐட்டமும் ஒரு பேமெண்டும் சேர்ந்த ஜோடியையா? இதைக் கேட்காமல் கொயரி (டேட்டாபேஸுக்கு எழுதும் கேள்வி) எழுதினால் டேபிள் இரண்டு இருக்கும்வரை தப்பிக்கலாம், நான்காவது வரும்போது மாட்டுவோம்.

இரண்டு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்த வென் படத்தைப் பார்த்துத்தான் ஜாயின் கற்றதாகச் சொல்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கற்கிறோம், எனக்கு அந்தப் படம் பிடிக்காது. இன்னர் என்றால் நடுப்பகுதி, லெஃப்ட் என்றால் இடது வட்டம் முழுக்க என்று மனப்பாடம் செய்ய அது உதவும், ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்துவிடும். இடது பக்கம் இருக்கும் ஒரு வரிசை ரிசல்ட்டில் இரண்டாகவும் பத்தாகவும் பெருகலாம் என்பதை வட்டத்தில் காட்டவே முடியாது. உங்கள் தொகை ஏறுவது சரியாக அந்த இடத்தில்தான்.

ஜாயின் செய்வது இதுதான். இடது டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் வலது டேபிளின் ஒவ்வொரு வரிசையோடும் ஜோடி சேர்த்துப் பாருங்கள். எந்த ஜோடிக்கு ஆன் கண்டிஷன் (எதை வைத்துப் பொருத்துவது என்று ஜாயினோடு எழுதுவது) உண்மையாகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளுங்கள். இது இன்னர் ஜாயின். லெஃப்ட் ஜாயின் என்றால் கூடுதலாக ஒரே ஒரு வேலை: ஜோடியே கிடைக்காத இடது வரிசைகளை எடுத்து, வலது பக்க ஃபீல்டுகள் எல்லாவற்றிலும் 'நல்' (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) வைத்து, ஒருமுறை சேர்த்துவிடுவது. டேட்டாபேஸ் உள்ளுக்குள் நிஜமாகவே எல்லா ஜோடியையும் உருவாக்கிப் பார்ப்பதில்லை, அதற்குக் குறுக்குவழிகள் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் ரிசல்ட் எப்போதும் இப்படிச் செய்தால் வருவதுதான்.

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கஸ்டமர் மூன்று பேர்: செல்வி, அன்வர், மேரி. செல்விக்கு இரண்டு ஆர்டர், 101 (1,200 ரூபாய்), 102 (800 ரூபாய்), இரண்டும் 2024 மே மாதம் போட்டவை. அன்வருக்கு ஒன்று, 103 (500 ரூபாய்), அது 2023 நவம்பரில். மேரி பெயரைப் பதிவு செய்ததோடு சரி, எதுவும் வாங்கவில்லை. கஸ்டமர் லெஃப்ட் ஜாயின் ஆர்டர் என்று போட்டால் நான்கு வரிசை வரும்: செல்வி இரண்டு முறை, அன்வர் ஒருமுறை, மேரி ஒருமுறை, மேரியின் ஆர்டர் ஃபீல்டுகள் எல்லாம் 'நல்'. இதுவரை உங்களுக்கும் சரியாகத்தான் வந்திருக்கும்.

பிறகு கடைக்காரர் இந்த நிதியாண்டு மட்டும் போதும் என்றிருப்பார், நீங்கள் 'வேர்' பகுதியில் (எந்த வரிசைகள் வேண்டும் என்று வடிகட்டும் இடம்) ஆர்டர் தேதி 2024 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு என்று ஒரு கண்டிஷன் சேர்த்திருப்பீர்கள். அங்கேதான் மேரி போனாள். 'வேர்' ஓடுவது ஜாயின் முடிந்த பிறகு, மேரியின் வரிசையில் தேதி 'நல்', 'நல்' ஏப்ரல் 1-ஐவிடப் பெரியதா என்று கேட்டால் எஸ்கியூஎல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்றுதான் சொல்லும். 'வேர்' உண்மை என்று வந்ததை மட்டுமே உள்ளே விடும், தெரியாததை வெளியே தள்ளிவிடும். ஆக லெஃப்ட் ஜாயின் பாடுபட்டுச் சேர்த்த வரிசையை அடுத்த வரியே கழித்துவிட்டது, நீங்கள் எழுதியது பெயருக்கு லெஃப்ட், நடத்தையில் இன்னர்.

இதற்குப் பலர் போடும் ஒட்டு ஒன்று உண்டு: தேதி ஏப்ரல் 1-க்குப் பிறகு, அல்லது தேதி 'நல்' என்று 'வேர்' பகுதியை நீட்டுவது. மேரி திரும்பி வந்துவிடுவாள், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் அன்வரைக் காணோம். அன்வருக்கு ஜோடி கிடைத்தது, 2023-இல் போட்ட ஆர்டர், அதனால் அவருடைய தேதி 'நல்' இல்லை, ஏப்ரலுக்குப் பிறகும் இல்லை. மேரியைத் தேடிக்கொண்டிருந்தவர் அன்வர் காணாமல் போனதைக் கவனிக்கவே மாட்டார். சரியான வழி, தேதிக் கண்டிஷனை ஆன் பகுதிக்குக் கொண்டுபோவது: கஸ்டமர் எண் பொருந்த வேண்டும், கூடவே ஆர்டர் தேதியும் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு இருக்க வேண்டும் என்று. அப்போது அன்வரின் பழைய ஆர்டர் ஜோடியாகவே சேராது, ஜோடி இல்லாதவர் என்ற முறையில் அவரும் மேரியைப் போல 'நல்' ஃபீல்டுகளோடு வந்து நிற்பார்.

வலது டேபிளின் ஃபீல்டை 'வேர்' பகுதியில் வைக்கவே கூடாது என்று சிலர் விதியாகச் சொல்வார்கள், அது சரியில்லை. ஒன்றுமே வாங்காதவர்கள் மட்டும் வேண்டும் என்றால் லெஃப்ட் ஜாயின் போட்டு, 'வேர்' பகுதியில் ஆர்டரின் ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாளம், இங்கே ஆர்டர் எண்) 'நல்' என்று கேட்பது நல்ல, பழகிய முறை. ப்ரைமரி கீயைத்தான் கேட்க வேண்டும், இயல்பாகவே 'நல்' இருக்கக்கூடிய குறிப்பு, தள்ளுபடி போன்ற ஃபீல்டைக் கேட்டால் ஆர்டர் போட்டவரும் உள்ளே வந்துவிடுவார்.

இதே தவறு இன்னொரு வேஷத்தில் வரும். கஸ்டமர் லெஃப்ட் ஜாயின் ஆர்டர், அதற்கு அடுத்து வெறும் ஜாயின் ஐட்டம். இரண்டாவது ஜாயின் ஆர்டர் எண்ணை வைத்துப் பொருத்துகிறது, மேரிக்கு ஆர்டர் எண்ணே இல்லை, ஆகவே மறுபடியும் அவுட். ஒருமுறை லெஃப்ட் போட்டால் அதைத் தொட்டுத் தொங்கும் டேபிள்களுக்கும் லெஃப்ட் போடுங்கள், இல்லையென்றால் ஆர்டரையும் ஐட்டத்தையும் அடைப்புக்குறிக்குள் முதலில் இன்னர் ஜாயின் செய்து, அந்த மொத்தத்தையும் கஸ்டமரோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். எண்ணும்போதும் ஒரு எச்சரிக்கை: கவுண்ட் ஸ்டார் (வரிசைகளை எண்ணுவது) போட்டால் மேரிக்கு 1 என்று வரும், ஏனென்றால் அவளுக்கு ஒரு வரிசை இருக்கிறதே. ஆர்டர் எண்ணைக் கவுண்ட் செய்தால்தான் 0 வரும், கவுண்ட் 'நல்'லை எண்ணாது.

சரி, தொகைக்கு வருவோம், இதுதான் பெரிய விஷயம். 101-ஆம் ஆர்டரில் மூன்று ஐட்டம் என்று வையுங்கள்: 600, 400, 200. செல்வி அதற்கு இரண்டு தவணையாகப் பணம் கட்டினார்: 700, 500. 102-இல் ஒரு ஐட்டம் 800, ஒரு பேமெண்ட் 800. 103-இல் ஒரு ஐட்டம் 500, இன்னும் பணம் வரவில்லை. கையால் கூட்டினால் விற்பனை 2,500, வந்த பணம் 2,000. இப்போது ஆர்டரோடு ஐட்டத்தையும் பேமெண்டையும் ஒரே கொயரியில் லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். 101-க்கு மூன்று ஐட்டம், இரண்டு பேமெண்ட், ஆக ஆறு ஜோடி. முதல் தவணை எந்த ஐட்டத்துக்கு என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றோடும் எல்லாம் சேரும். ஆறு வரிசையில் ஐட்டத் தொகை 2,400, பேமெண்ட் தொகை 3,600. மற்ற இரண்டு ஆர்டரையும் சேர்த்தால் விற்பனை 3,700, வந்த பணம் 4,400. விற்றதைவிட வந்த பணம் அதிகம், அதுவும் ஒரு ஆர்டருக்குப் பணமே வராத கடையில்.

தொகை சரியாக இரட்டிப்பானால் யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆர்டரும் வேறு வேறு மடங்கில் பெருகுவதால் மொத்தம் பார்ப்பதற்கு நம்பும்படியான ஒரு எண்ணாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு ஐட்டம், ஒரு பேமெண்ட் மட்டும் உள்ள டெஸ்ட் டேட்டாவில் எல்லாம் பளிச்சென்று சரியாக வரும்.

உங்கள் டிஸ்டிங்க்ட் இங்கே என்ன செய்கிறது? பேமெண்ட் தொகைகளில் வெவ்வேறு மதிப்புகளை மட்டும் எடுத்துக் கூட்டுகிறது: 700, 500, 800, மொத்தம் 2,000. ஆஹா, சரியான விடை! செல்வி 700, 500 என்று கட்டாமல் 600, 600 என்று கட்டியிருந்தால்? டிஸ்டிங்க்ட் ஒரு 600-ஐ விழுங்கிவிடும், மொத்தம் 1,400 ஆகிவிடும். இரண்டு வேறு கஸ்டமர் ஒரே தொகை கட்டினாலும் அப்படித்தான். கடையில் ஒரே விலைக்கு நாலு பேர் வாங்காமலா இருப்பார்கள்? ஏற்கெனவே குரூப் பை (வரிசைகளைக் குழுவாக்கிக் கூட்டுவது) உள்ள கொயரியில் செலக்டுக்குப் பக்கத்தில் டிஸ்டிங்க்ட் போடுவது இன்னும் வீண், கூட்டல் முடிந்த பிறகுதான் அது வேலை செய்யும், தப்பான மொத்தம் அப்படியே நிற்கும். ஒரு கொயரியில் காரணம் சொல்ல முடியாத டிஸ்டிங்க்டைப் பார்த்தால் நான் முதலில் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன், பெரும்பாலும் அடியில் ஒரு ஜாயின் தப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

தீர்வு எளிது. கூட்டிவிட்டு ஜாயின் செய்யுங்கள், ஜாயின் செய்துவிட்டுக் கூட்டாதீர்கள். ஐட்டம் டேபிளை ஆர்டர் எண்ணால் குரூப் செய்து ஆர்டருக்கு ஒரு வரிசையாக்கி, அதை 'வித்' போட்டு ஒரு பெயரில் வையுங்கள். பேமெண்டையும் அதேபோல் தனியாகக் குரூப் செய்யுங்கள். பிறகு ஆர்டரோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்தால் இரண்டு பக்கமும் ஆர்டருக்கு அதிகபட்சம் ஒரு வரிசை, பெருக வழியே இல்லை. பணம் கட்டாத 103-க்கு 'நல்' வரும், கோலெஸ் போட்டு 0 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாக்கி கணக்கிடும்போது 500 கழித்தல் 'நல்' என்பதும் 'நல்' ஆகி, பாக்கிக்காரர் பட்டியலில் இருந்து பாக்கிக்காரரே தப்பிவிடுவார்.

சரிபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு ஜாயினாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். ரிப்போர்ட்டில் ஆர்டருக்கு ஒரு வரிசை என்று முடிவு செய்திருந்தால், எந்த ஜாயினுக்குப் பிறகு எண்ணிக்கை ஆர்டர் எண்ணிக்கையைத் தாண்டுகிறதோ அங்கே பெருகுகிறது, எங்கே குறைகிறதோ அங்கே ஆள் விழுகிறது. பத்து டேபிள் உள்ள கொயரியிலும் இது பலிக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஜாயின் தேவையில்லை. இந்த ஆண்டு ஏதாவது வாங்கியவர்களின் பெயர் மட்டும் வேண்டும் என்றால் உங்களுக்கு ஆர்டர் டேபிளில் இருந்து ஒரு ஃபீல்டும் வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். அதற்கு எக்ஸிஸ்ட்ஸ் இருக்கிறது, கஸ்டமர் ஒருமுறைதான் வருவார். வாங்காதவர்களுக்கு நாட் எக்ஸிஸ்ட்ஸ். அந்த இடத்தில் நாட் இன் (இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பது) போடப் பலருக்குக் கை போகும், கவனம்: உள்ளே இருக்கும் கொயரி தரும் கஸ்டமர் எண்களில் ஒன்றே ஒன்று 'நல்' ஆக இருந்தாலும் மொத்த ரிசல்ட்டும் காலி. கவுண்டரில் பெயர் சொல்லாமல் வாங்கிப்போனவரின் பில்லில் கஸ்டமர் எண் 'நல்' ஆகத்தானே இருக்கும். மேரியின் எண் அந்த 'நல்'லுக்குச் சமம் இல்லை என்று எஸ்கியூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் மேரியையும் விடாது.

ஃபுல் ஜாயின் (இரண்டு பக்கத்திலும் ஜோடி கிடைக்காதவற்றையும் வைத்துக்கொள்வது) அன்றாடம் தேவைப்படாது, இரண்டு பட்டியலை ஒப்பிட மட்டும் அதற்கு நிகர் இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள் பட்டியலையும் மொய் நோட்டையும் ஒப்பிடுவது போல: பத்திரிகை வாங்கியும் மொய் எழுதாதவர், பத்திரிகை வைக்காமலே வந்து எழுதியவர், இரண்டிலும் இருப்பவர், மூவரும் ஒரே ரிசல்ட்டில் வருவார்கள். பேங்க் ஸ்டேட்மென்டையும் உங்கள் பேமெண்ட் டேபிளையும் ஒப்பிட இதுதான் வழி. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஃபுல் ஜாயின் கிடையாது, லெஃப்ட் ஒன்று, ரைட் ஒன்று எழுதி, இரண்டாவதில் ஜோடி கிடைக்காதவற்றை மட்டும் வைத்து யூனியன் ஆல் போட்டு ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ரைட்டும் ஃபுல்லும் 2022-இல் 3.39 பதிப்பில்தான் வந்தன. ரைட் ஜாயினை நான் தனியாக எழுதுவதே இல்லை, டேபிளை இடம் மாற்றி லெஃப்ட் போட்டால் படிப்பவருக்குச் சுலபம். நேச்சுரல் ஜாயினைத் தொடவே தொடாதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கும் எல்லா ஃபீல்டையும் அது தானாகப் பொருத்தும், இரண்டு டேபிளிலும் வரிசை உருவான நேரம் ஒரே பெயரில் இருந்தால் அதையும் பொருத்தப் பார்க்கும், ரிசல்ட் ஏன் காலி என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பழைய கோடில் ஃப்ரம் பகுதியில் டேபிள்களைக் காற்புள்ளி வைத்து அடுக்கி, பொருத்தும் கண்டிஷனை எல்லாம் 'வேர்' பகுதியில் கொட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜாயின், ஆன் என்று தனியாக எழுதும் முறை 1992-ஆம் ஆண்டு எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டில் வந்தது, ஆரக்கிள் டேட்டாபேஸ் அதை 9ஐ பதிப்பில்தான் ஏற்றது, அதற்கு முன் அங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி போட்டுத்தான் அவுட்டர் ஜாயின் எழுதினார்கள். காற்புள்ளி முறையில் ஒரு கண்டிஷனை மறந்தால் எரர் வராது, எல்லா ஜோடியும் வந்து குவியும். ஆயிரம் கஸ்டமரும் பத்தாயிரம் ஆர்டரும் இருந்தால் ஒரு கோடி வரிசை. ஜாயின், ஆன் முறையில் எழுதினால் ஆன் மறந்ததை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பிடித்துவிடும், மைஎஸ்கியூஎல் ஆன் இல்லாத வெறும் ஜாயினையும் முனகாமல் ஓட்டும்.

வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜாயின் என்றாலே மெதுவானது, டேபிளை எல்லாம் ஒன்றாக்கிவிடு என்று யாராவது வந்து சொல்வார்கள், அதனால் கொஞ்சம். டேட்டாபேஸ் ஜாயினை மூன்று விதமாகச் செய்யும். ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் மறுபக்கத்தில் போய்த் தேடுவது நெஸ்டட் லூப், தேடும் பக்கம் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்க அட்டவணை போல வேகமாகத் தேட உதவுவது) இருந்து, எடுக்க வேண்டியது கொஞ்சமாக இருந்தால் இதை மிஞ்ச ஆள் இல்லை. சின்னப் பக்கத்தை மெமரியில் ஹாஷ் டேபிளாக (மதிப்பைச் சொன்னதும் இடத்தைக் காட்டும் அமைப்பு) வைத்து, பெரிய பக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பொருத்துவது ஹாஷ் ஜாயின். இரண்டு பக்கத்தையும் ஒரே வரிசைப்படி அடுக்கி, இணையாக நடந்து பொருத்துவது மெர்ஜ் ஜாயின். மைஎஸ்கியூஎல்லுக்கு ஹாஷ் ஜாயின் 2019-இல் 8.0.18 பதிப்பில்தான் வந்தது, அதுவரை எல்லாமே நெஸ்டட் லூப்பின் வகைகள், ஜாயினுக்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு அதனால்கூட இருக்கலாம். இந்த மூன்றில் எது, எந்த டேபிளில் இருந்து ஆரம்பிப்பது என்பதை ஆப்டிமைசர் (கொயரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) செலவுக் கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. இந்தச் செலவுக் கணக்கு முறையை ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற ஆராய்ச்சி டேட்டாபேஸ் குழுவில் இருந்த பாட்ரிசியா செலிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள், இன்றும் அடிப்படை அதுதான். ஆகவே இன்னர் ஜாயினில் எந்த டேபிளை முதலில் எழுதுவது என்று சாதாரணமாக மண்டையை உடைக்க வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, ஃபாரின் கீ (ஆர்டரில் உள்ள கஸ்டமர் எண் போல, வேறு டேபிளின் வரிசையைச் சுட்டுவது) ஃபீல்டில் இன்டெக்ஸ். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி (டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) ஃபாரின் கீ வைக்கும்போதே தானாக இன்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ் போடாது, நீங்கள்தான் போட வேண்டும், இது தெரியாமல் ஹார்ட்வேரை மாற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு, பொருத்தும் ஃபீல்டுகளின் டைப். ஒரு டேபிளில் கஸ்டமர் எண் இன்டீஜராகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தால் மைஎஸ்கியூஎல் ஒப்பிடத்தான் செய்யும், ஆனால் எழுத்துப் பக்கத்து இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் (கொயரி உள்ளே எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள், பத்து வரிசை வரும் என்று டேட்டாபேஸ் எதிர்பார்த்த இடத்தில் லட்சம் வந்திருந்தால் அங்கே நின்று யோசியுங்கள்.

கடைசியாக, ஒவ்வொருவரின் கடைசி ஆர்டர். கஸ்டமருக்கு ஒரு மேக்ஸ் தேதி எடுத்து, அதை மறுபடி ஆர்டரோடு ஜாயின் செய்வது பழைய முறை, ஒரே நாளில் ஒருவர் இரண்டு ஆர்டர் போட்டிருந்தால் இரண்டும் வரும். ரோ நம்பர் விண்டோ ஃபங்ஷன் (ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுப்பது) இதைவிட நல்லது, போஸ்ட்கிரெஸில் 8.4 முதல், மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதல் இருக்கிறது. கஸ்டமர் எண்ணால் பார்டிஷன் செய்து (குழுவாகப் பிரித்து), தேதியை இறங்குவரிசையில் வைத்து, தேதி ஒன்றாக இருந்தால் ஆர்டர் எண்ணை இறங்குவரிசையில் வைத்து எண் கொடுங்கள். அதை 'வித்' உள்ளே வைத்து, கஸ்டமரோடு லெஃப்ட் ஜாயின் செய்யும்போது எண் 1 ஆக இருக்க வேண்டும் என்ற கண்டிஷனை ஆன் பகுதியிலேயே எழுதுங்கள். கஸ்டமர் கொஞ்சம் பேர், ஒவ்வொருவருக்கும் ஆர்டர் ஏராளம் என்றால் லேட்டரல் ஜாயினும் (இடது பக்கத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் உள்கொயரியைத் தனியாக ஓட்டுவது) லிமிட் 1-ம் (ஒரு வரிசை மட்டும் எடுப்பது) வேகமாக இருக்கும், போஸ்ட்கிரெஸில் 9.3-இலிருந்தும் மைஎஸ்கியூஎல்லில் 8.0.14-இலிருந்தும் கிடைக்கிறது, எஸ்கியூஎல் சர்வரில் இதன் பெயர் அவுட்டர் அப்ளை. எந்த வழியில் போனாலும் ஆர்டர் டேபிளில் கஸ்டமர் எண், தேதி, ஆர்டர் எண் மூன்றும் இந்த வரிசையில் சேர்ந்த ஒரு இன்டெக்ஸ் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.